பொழுதோடு சாப்பிடும் நயினாரம்மா

முறத்தைச் சற்றே சாய்த்துப் பிடித்து, விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். கோதுமைக்குள்ளிருந்து வண்டுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டி, முறத்தின் ஓரம்வரை நடந்து வந்து, கீழே விரித்திருக்கும் சாக்கில் விழுகின்றன. அவற்றுக்கு அவசரம் இல்லை. அவருக்கும் இல்லை. அவசரமெல்லாம் தகர டப்பாவும் கையுமாக வரிசையில் நிற்கிற எங்களுக்குத்தான்.

“வண்டோட அரைச்சாத்தான் இன்னாங்க? மாவுல தெரியவா போவுது?” என்று பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள்.

“உங்களுக்குத் தெரியாது. வண்டுக்குத் தெரியும் இல்ல?” என்பார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருவண்ணாமலையில் மாவு மிஷினுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வண்டும் எறும்பும் பத்திரமாக இறங்கிப் போகும்வரை மோட்டார் சுவிட்சைத் தொடாத மிஷின், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதை நடத்துகிற அம்மாளின் பெயர் மருதேவி. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்திலேயே பயிர் செய்து வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பம். நயினார் வீடு என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் தெருவுக்கு அவர் நயினாரம்மா. மிஷின் அவர் கணவர் ஜினதாசன் வைத்தது. அவர் ஒரு மார்கழி மாதத்தில் காலமானார். மகள் ஸ்வேதா அதற்கு முன்பே கல்யாணமாகி வந்தவாசிக்குப் போய்விட்டாள். இனி மிஷினைப் பூட்டிவிடுவார் என்றுதான் தெருவில் பேசிக்கொண்டோம். காரியம் முடிந்து உறவினர்கள் பஸ் ஏறியதும் நயினாரம்மா முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து மோட்டாரைப் போட்டார்.

ஒல்லியான உடம்பு. அவர் புருவம் வெளுத்திருக்கிறதா சிவந்திருக்கிறதா என்று பார்த்தே அன்றைக்கு அரிசி அரைத்தாரா மிளகாய் அரைத்தாரா என்று சொல்லிவிடலாம். பேச்சு மட்டும் ஆளுக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு. வருஷக்கணக்காக மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியதால், மிஷின் ஓடாதபோதும் மிஷின் ஓடுகிற குரலில்தான் பேசுவார். அவர் ரகசியம் சொன்னால் தெருக்கோடியில் பதில் வரும். மகளுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினால், போன் இல்லாமலே வந்தவாசியில் கேட்கும் என்று பூத்துக்காரர் கிண்டல் செய்வார்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு சண்டையில். மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயத்தில் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தவன் நான். ஆபீஸ் வேங்கிக்காலில், குடித்தனம் மிஷினுக்கு எதிர்வீட்டில். வந்த புதிதில் ரேஷன் கோதுமையைத் தூக்கிக்கொண்டு போனேன். டப்பாவைத் திறந்து பார்த்தவர் அப்படியே மூடி என் கையில் கொடுத்தார்.

“வண்டு ஜாஸ்தி இருக்குது சார். முறத்துக்கு அடங்காது. நல்லா வெயில்ல காய வெச்சு எடுத்தாங்க.”

அது ஐப்பசி மாதம். நான்கு நாட்களாக மலையே கண்ணில் படவில்லை, அவ்வளவு மழை. வெயிலுக்கு நான் எங்கே போவேன்? அதையே கொஞ்சம் சூடாகக் கேட்டேன். “அது உங்க இஷ்டம். வெயில் வர்றப்ப வாங்க” என்று அடுத்த டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார். அன்று இரவு சப்பாத்தி இல்லாமல் என் வீட்டில் நடந்ததை இங்கே எழுதுவதற்கில்லை.

வண்டுக்குக் காட்டுகிற பொறுமையைக் கடிகாரத்துக்குக் காட்ட மாட்டார். மாலை நாலு மணிக்கு மிஷின் நின்றுவிடும். அதன்பிறகு யார் வந்து கெஞ்சினாலும் நடக்காது. அடுப்பு மூட்டி, சமைத்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தாக வேண்டும். பொழுது போய்விட்டால் மறுநாள் சூரியன் வந்த பிறகுதான் வாயில் ஏதாவது படும். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர் ஏதாவது உணவோடு போய்விடும் என்பது அவர்கள் வழி. இப்போது நயினார் வீடுகளிலேயே எல்லோரும் இப்படி இருப்பதில்லை. ஆபீஸ், காலேஜ் என்று அலைகிறவர்களுக்கு எப்படி முடியும்? இவர் விடவில்லை. கல்யாண ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் வருவார். சமையல்காரர்கள் அப்போதுதான் சாதம் வடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மூலையில் இலை போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை வருவதற்குள் மண்டபத்தை விட்டுப் போய்விடுவார். “பொண்ணு மாப்பிள்ளைய நாளைக்கி வீட்லயே பாத்துக்கறேன்” என்பார்.

இந்த ஊரில் கார்த்திகையும் மார்கழியும் சில பேருக்குப் பொல்லாத மாதங்கள். வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது தீபத் திருவிழாவை. லட்சம் லட்சமாக ஜனம் வந்து தெருவெல்லாம் தலைகளாக நிறைந்து, மலை உச்சியில் தீபம் ஏறியதும் அரோகரா என்று எழும் சத்தத்தில் ஜன்னல் கதவு அதிரும். அப்புறம் உச்சியில் தீபம் எரிந்த கொப்பரை கீழே இறங்கிவிடும். ராட்டினக்காரனும் வளையல் கடைக்காரனும் மூட்டை கட்டுவார்கள். கல்யாணம் முடிந்த மண்டபத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும் ஊர். பனி இறங்கும், சீக்கிரம் இருட்டும். மலை மேற்கே இருப்பதால் எங்கள் தெருவுக்கு நிழல் இன்னும் முன்னாலேயே வந்துவிடும். வீட்டில் ஓர் ஆள் குறைந்திருந்தால், அது மற்ற மாதங்களைவிட இந்த மாதங்களில்தான் நன்றாகத் தெரியும்.

போன வருஷம் எங்கள் தெருவில் அப்படி ஓர் ஆள் குறைந்தது. வெல்லக்கடை கண்ணாயிரத்தின் மனைவி தனம். என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி முன்னால் கடை, பின்னால் வீடு. கல்லாவில் அவர், தராசில் அந்த அம்மாள் என்று இருவரும் சேர்ந்தே நடத்திய வியாபாரம். மழை விடாத ஓர் ஐப்பசி நாளில் தனம் மார் வலிக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கும் மகன் மாறன் வந்து எல்லாம் செய்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, “எங்ககூட வந்துடுப்பா” என்று கையைப் பிடித்து அழைத்தான். “நீ போ, நான் பின்னாலயே வரேன்” என்றார் கண்ணாயிரம். அவர் போகவில்லை. கடைப் பலகையை எடுக்கவும் இல்லை.

சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். தெருவே மாற்றி மாற்றி ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தது. எங்கள் வீட்டிலிருந்தும் இட்லி போயிற்று. வாங்கிக்கொள்வார், மறுநாள் பாத்திரம் அப்படியே திரும்பி வரும், மேலே மூடிய தட்டுகூட அசைந்திருக்காது. நான் ஒருநாள் போய் உட்கார்ந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொன்னேன்.

“எதுக்கு சார்? நான் தை பாக்க மாட்டேன்” என்றார். அழவில்லை, கோபப்படவில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. “விதி” என்றார் ஒருவர். “சுமங்கலியாப் போனாங்க, குடுத்து வெச்சவங்க” என்றார் இன்னொருவர், ஏதோ தனம் அம்மாள் பரிசுச் சீட்டில் ஜெயித்த மாதிரி. மூன்றாமவர் தன் மைத்துனருக்கு இதே மாதிரி ஆகி, அவரும் மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்த கதையை அந்த மனிதரிடமே உட்கார்ந்து சொன்னார்.

நயினாரம்மா அப்படி எதுவும் சொல்லத் தெரியாதவர். ஒருநாள் நாலரை மணிக்கு, புருவத்து மாவைக்கூட கழுவாமல், டிபன் கேரியரோடு அந்த வீட்டுக்குள் போனார். கூடத்தில் மேற்குப் பக்க ஜன்னலடியில் உட்கார்ந்து, இரண்டு தட்டுகளை வைத்துப் பரிமாறினார்.

“வாங்கண்ணா, சாப்பிடலாம்.”

“எனக்கு வேணாம்மா. நீ சாப்பிடு.”

“நீங்க வந்தாதான் நான் சாப்பிடுவேன்.”

“பசிக்கல.”

“சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கெஞ்சவில்லை. மிஷினின் பெல்ட் தேய்ந்துபோனதைப் பற்றியும், வந்தவாசியில் பேரனுக்கு மொட்டை போட்டதைப் பற்றியும் அந்தப் பெருங்குரலில் பேசிக்கொண்டிருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஜன்னல் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் போனதும் இரண்டு தட்டுகளையும் மறுபடி கேரியருக்குள் கொட்டி மூடினார். “வரேண்ணா” என்று எழுந்து போய்விட்டார்.

இதன் பொருள் கண்ணாயிரத்துக்கு அன்று புரியவில்லை. மறுநாள் காலை என் மனைவிதான் பால் கொடுக்கப் போனபோது சொல்லியிருக்கிறாள்: “நயினாரம்மா பொழுது போனா பச்சைத் தண்ணிகூட தொடாதுங்களே. ராத்திரி பூரா பட்டினிதான் கெடந்திருக்கும்.” அவர் திகைத்துப் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

அன்று சாயங்காலமும் நாலரைக்குக் கேரியர் போயிற்று. அதே ஜன்னல், அதே இரண்டு தட்டு. கண்ணாயிரம் வந்து உட்கார்ந்தார். “ஒரு பொம்பளயப் பட்டினி போட்ட பாவம் வேற எனக்கு எதுக்கு?” என்று முனகிக்கொண்டே ஒரு வாய் எடுத்தார். எடுத்ததும் அழுகை வந்துவிட்டது.

“வெறும் வயித்துல அழாதீங்க, தலைவலி வரும். இன்னும் ரெண்டு வாய் போட்டுக்கினு அழுங்க” என்றார் நயினாரம்மா. எதிர்வீட்டு வரிசையில் இருந்த எல்லோருக்கும் இது கேட்டது.

அப்படித் தொடங்கியது. தினமும் நாலரை மணிக்கு அந்தக் கேரியர் தெருவைக் கடக்கும். பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார் மாதிரி நயினாரம்மா அவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு வாய் எடுத்தால்தான் இவர் ஒரு வாய். அவர் நிறுத்தினால் இவரும் நிறுத்திவிடுவார். பாவம், அந்த மனிதர் என்னதான் செய்வார்? பொழுதும் போகிறது, எதிரில் ஒருத்தி பசியோடும் இருக்கிறாள். தன் வயிற்றுக்காக உண்ணாதவர் அடுத்தவர் வயிற்றுக்காக உண்டார்.

தீபத்தன்று நான் கொஞ்சம் பயந்தேன். துக்க வீட்டில் அந்த வருஷம் விளக்கு வைக்கக் கூடாது. வாசல், மாடம், மொட்டை மாடி என்று ஊர் முழுக்க அகல் எரிய, நடுவில் அந்த ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது, பல்வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி. நயினாரம்மா அன்றும் சாப்பாட்டை முடித்திருந்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பவில்லை. பின்கட்டுக் கதவைத் திறந்து, கண்ணாயிரத்தைக் கைப்பிடியாக அழைத்துவந்து துணி துவைக்கும் கல்லில் உட்காரவைத்தார். அங்கிருந்து மலை உச்சி நேராகத் தெரியும்.

“வீட்ல விளக்கு வெக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்குது? மலைமேல வெச்சிருக்கறத பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே” என்றார். தீபம் ஏறியது. இருவரும் அந்த இருட்டுக் கொல்லையில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் கண்ணாயிரம் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். “இன்னாம்மா சாம்பாரு இது? வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல. ஆஸ்பத்திரில குடுக்கற மாதிரி இருக்குது.”

அன்று நயினாரம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தெருவில் இறங்கியதுமே எதிரில் வந்த என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், குத்தம் சொல்றாரு சார்! உப்பு கம்மின்னு வேற சொன்னாரு!” என்றார். மகள் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று சொல்கிற சந்தோஷம். மறுநாளும் வெங்காயம் போடவில்லை. அவர் வீட்டில் வெங்காயம் கிடையாது. குறைக்குப் பதிலாகக் கொஞ்சம் பெருங்காயம் கூடியது, அவ்வளவுதான்.

தை பார்க்க மாட்டேன் என்ற பேச்சை மட்டும் கண்ணாயிரம் விடவில்லை. பேச்சுக்குப் பேச்சு அது வந்து நிற்கும். நயினாரம்மா அதை மறுத்ததும் இல்லை, அதற்கு அதிர்ந்ததும் இல்லை.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா. பொழுது நீள ஆரம்பிச்சிருச்சு. போன மாசம் அவசர அவசரமா முழுங்கினோம். இப்ப மோர் ஊத்திக்கூட சாப்பிட முடியுது, பாருங்க” என்று மோரை ஊற்றுவார்.

ஊரில் மெல்லப் பொங்கல் களை வந்தது. வெல்லம் கேட்டு ஜனங்கள் அந்தக் கடைமுன்னால் வந்து, மூடிய பலகைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணாயிரம் வாசற்படி தாண்டவில்லை. தனத்தின் பேரையும் அவர் வாய் சொல்லவில்லை. “அவ” என்றுகூட வராது. பேச்சு அந்த இடத்துக்கு வந்தால் சுவரைப் பார்ப்பார்.

இவ்வளவையும் ஏன் செய்கிறீர்கள் என்று நயினாரம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பெரிய பதிலை எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சமணத்தில் இல்லாத தத்துவமா?

“அவரு கூடத்துல மேக்கு வெளிச்சம் நல்லா வருது சார். நம்ம மிஷின்ல சீக்கிரம் இருட்டிடுது” என்றார்.

பொங்கலுக்குச் சில நாட்களே இருந்த ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் லீவு, நான் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மிஷின் மூன்று மணிக்கே நின்றுவிட்டது. நாலரை ஆயிற்று. கேரியர் வரவில்லை. ஐந்தும் ஆயிற்று. சூரியன் மலையின் தென் சரிவில் இறங்கி ஒளிந்துகொண்டது. தெரு முழுக்க நிழல்.

கண்ணாயிரம் தன் வாசற்படியில் வந்து நின்றார். மிஷின் பக்கம் பார்த்தார். மலையைப் பார்த்தார். திரும்ப மிஷின் பக்கம் பார்த்தார். உள்ளே போய்விட்டார். சரி, இனி இன்றைக்குப் பட்டினிதான் என்று நினைத்தேன். அப்போது தடால் தடாலென்று சத்தம். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்பக்கம் எறிந்துகொண்டிருந்தார். அடுத்த நிமிஷம், கையில் ஓர் உருண்டை வெல்லத்தோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

“சார், வீட்ல அவல் இருக்குதா?”

“எதுக்குங்க?”

“இருக்குதா இல்லியா, அத சொல்லுங்க மொதல்ல. பொழுது போவுது!”

என் மனைவி உள்ளிருந்தே கேட்டுவிட்டு அவல் சம்படத்தை எடுத்துவந்தாள். “ஒரு சொம்பு தண்ணி. துணில வடிகட்டிக் குடும்மா, இல்லன்னா நயினாரம்மா தொடாது” என்றார். தண்ணீரை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் முன்னே ஓட, நான் பின்னால் போனேன். அறுபது வயதில் அந்த மனிதர் தெருவில் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

மிஷின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. நயினாரம்மா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கேரியர், கழுவிக் கவிழ்த்தபடி, காலியாக.

“இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் இருக்கேண்ணா.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்றவனுக்கே சரியாகக் கேட்காத குரல். “இன்னிக்கித்தான் அவரு போன நாளு. காலைலேருந்து ஒண்ணும் தெரியல. அரைச்சிக்கினுதான் இருந்தேன். அடுப்பு பத்த வெக்கலாம்னு போனேன். அப்புறம் முடியல.”

தெருவில் எங்கள் யாருக்கும் தேதி நினைவில்லை. ஜினதாசன் போனது மார்கழியில் என்று தெரியும். எந்த நாள் என்று யார் வைத்திருந்தோம்? அவர் அந்த நாளை நோக்கி ஒவ்வொரு சாயங்காலமாக நடந்து வந்திருக்கிறார், கையில் கேரியரோடு.

“ரெண்டு தட்டு வெச்சு சாப்பிட்டுப் பழகிட்டனா, அவரு இல்லாம தனியா உக்காந்தா தொண்டைல எறங்க மாட்டேங்குது. அதுக்குத்தான் உங்க வீட்டுக்கு வந்துக்கினு இருந்தேன்” என்றார். “உங்களுக்காகன்னு நெனச்சுக்கினீங்களா? எனக்காகத்தாண்ணா.”

கண்ணாயிரம் கேரியரின் மேலடுக்கை எடுத்து அவலைக் கொட்டினார். எடைக்கல்லால் வெல்லத்தைத் தட்டி உடைத்துப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். அடுக்கை நயினாரம்மா மடியில் வைத்தார்.

“வேணாண்ணா. பொழுது போயிடுச்சு. நாளைக்கிப் பாத்துக்கலாம்.”

“எங்க போயிடுச்சு?” என்று கண்ணாயிரம் போட்ட சத்தத்தில் தகர டப்பாக்கள் அதிர்ந்தன. “மலைக்குப் பின்னால போயிருக்குது, அவ்ளோதான். அடி அண்ணாமலைல போய்ப் பாரு, வெயிலு இன்னும் பளபளன்னு அடிக்கும். எனக்குத் தெரியாதா? பொண்ணு எடுத்த ஊரு!” ஒரு கணம் நிறுத்தினார். “தனம் சொல்லும். ‘எங்க ஊர்லதான் பொழுது முழுசா இருக்கும். உங்க டவுன்ல பாதிய மலை முழுங்கிடுது’ன்னு. கண்ணாலம் ஆன நாள்லேருந்து சொல்லிச்சு, தனம்.”

அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிவிட்டார். சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டது போல நின்றார். நான் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவைக் கண்ணாயிரம் காலால் தள்ளித் திறந்தார். வெளிச்சம் இருந்தது. நிழலான வெளிச்சம்தான், ஆனால் அவல் அவலாகவும் வெல்லம் வெல்லமாகவும் கண்ணுக்குத் தெரிந்தன. நயினாரம்மா தெருவை எட்டிப் பார்த்தார். தன் உள்ளங்கையை விரித்து, ரேகை தெரிகிறதா என்று பார்த்தார். ஒரு பிடி எடுத்தார். கண்ணாயிரம் எதிரில் தரையில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே, அதே அடுக்கில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அண்ணா! வெல்லக்கடை அண்ணா!” தெருவிலிருந்து ஒரு பெண் குரல். “கடைய தெறந்து போட்டுட்டு எங்க போனீங்க? பொங்கலுக்குப் புது வெல்லம் எப்ப வருது?”

கண்ணாயிரம் விழித்தார். கடையைத் திறந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது. எழுந்திருக்கப் போனவர், நயினாரம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். “வரேன் இரும்மா, நாளைக்கி லோடு சொல்லணும்” என்று வெளியே பார்த்துக் கத்தினார், ஆனால் நகரவில்லை.

நயினாரம்மாவுக்கு வாய் நிறைய அவல். வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு கன்னமும் உப்ப அடைத்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் மாவு படிந்த கன்னத்தில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. பேச முடியவில்லை. அடுக்கை மடியில் ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வெல்லக்கடைப் பக்கம் வீசி வீசி அவரை விரட்டினார்.